ஒரு இலை அட்ஜஸ்ட்

என் மேஜையில் இருக்கும் மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டில் இரண்டு திருகுகள் உண்டு. பெரியதற்குக் கோர்ஸ் அட்ஜஸ்ட்மென்ட், சிறியதற்கு ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். லேப் டெக்னீஷியன் படிப்பில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். திருகினால் மங்கலாக இருப்பது தெளிவாகும். ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த வார்த்தைக்கு நான் மதிக்கிற அர்த்தம் இது ஒன்றுதான். தம்பானூரில் நான் வேலை பார்க்கும் லேபின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், இந்த ஊரில் அதற்கு இருக்கிற மற்ற அர்த்தங்கள் எல்லாம் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் இருப்போம். நான்காவதாக ஒருத்தி வந்து, "சேச்சி, ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யாமோ?" என்பாள். அதற்கு அர்த்தம், இனி வலியசாலை வரைக்கும் எனக்குப் பாதி இடுப்பு போதும் என்பது. நாங்கள் மாடியில் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் அட்ஜஸ்ட் என்றால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது. தையல்காரர் சொன்னால், ரவிக்கையை அவர் தப்பாக வெட்டிவிட்டார், உடம்பை நான்தான் திருத்திக்கொள்ள வேண்டும். ஆட்டோக்காரர் சொன்னால் சில்லறை கிடையாது. டீக்கடையில் நாலு பேர் அரசியல் பேசும்போது "அது அட்ஜஸ்ட்மென்ட் ஆணு" என்றால், மேடையில் அடித்துக்கொள்கிற இரண்டு கட்சிகளும் பின்வாசலில் கைகுலுக்கிவிட்டன என்று பொருள். சினிமாவில் வாய்ப்புக் கேட்டுப் போகும் பெண்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மகளிடம் அதைச் சொல்லி எச்சரிக்க நான் நான்கு வருடம் கூசினேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

லேபிலும் வரும். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்தவர், ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டே, சர்க்கரை கூடுதலாக இருந்தால் ரிப்போர்ட்டில் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் செய்ய முடியுமா என்று கேட்பார். முடியாது என்பேன். என்னை மனசாட்சி இல்லாதவள் போலப் பார்த்துவிட்டுப் போவார்.

கல்யாணத்துக்கு முன்னால் என் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு, நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும் என்றாள். எனக்கும் முன்கோபம் உண்டு என்பதை அவரிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். சித்திக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. பஸ்ஸோ, வீடோ, கல்யாணமோ, அர்த்தம் எத்தனை மாறினாலும் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஓணத்தில்.

எங்கள் லேபுக்கு வருடத்தில் ஒரு நாளும் விடுமுறை கிடையாது. திருவோணத்தன்று மட்டும் காலை ஏழு முதல் மூன்று வரை ஒரே ஒரு டெக்னீஷியன் போதும். ஐந்து டெக்னீஷியன்களில் நான் ஒருத்திதான் தமிழ். நான் சேர்ந்த வருடமே இதற்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. ஓணத்துக்கு நான் டியூட்டி பார்ப்பது, பொங்கலுக்கு அவர்கள் என் டியூட்டியைப் பார்ப்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சேச்சிக்கு ஓணம் இல்லல்லோ என்றார்கள், அன்போடுதான்.

எனக்கு ஓணம் இல்லை என்று யார் சொன்னது? என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து இங்கே சாலை என்கிற பெரிய கடைவீதிக்கு வேலைக்கு வந்தவர். என் அப்பாவும் நானும் பிறந்தது இங்கே. பள்ளிக்கூடத்தில் அத்தப்பூ போட்டு இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் பொங்கலும் உண்டு, ஓணமும் உண்டு, ஆற்றுகால் பொங்காலையும் உண்டு. ஆனால் சேர்ந்த புதிது, வேலை வேண்டியிருந்தது, தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலை பதினாறு வருடம் நிற்கவில்லை.

அவர்கள் தர வேண்டிய பொங்கல்? தை முதல் நாளன்றுதான் சபரிமலையில் மகரவிளக்கு. லேபில் ஆண்கள் இரண்டு பேரும் மாலை போட்டு மலைக்குப் போய்விடுவார்கள். ஐயப்பனிடம் போய் நான் சண்டை போட முடியுமா? மிச்சமிருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் யாருக்காவது சுகமிருக்காது. கடைசியில், "சேச்சி, காலையில் பொங்கல் வச்சிட்டு பத்து மணிக்கு வந்நா மதி" என்று, வந்தால் போதும் என்று, எனக்குச் சலுகை கிடைக்கும். பானை பொங்கின கையோடு ஓடுவேன். இப்படி ஒருவழிப்பாதை ஆகிவிட்ட பிறகும் அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட்தான்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது ஆவணி பிறந்தால் போதும், திருவோணத்துக்கு நீ வீட்டில் இருப்பாயா என்று கேட்க ஆரம்பிப்பாள். இந்த வருஷம் இருப்பேன் என்று சொல்வேன். இருக்கமாட்டேன். மூன்றரை மணிக்கு நான் வீட்டுக்கு வரும்போது அவள் பட்டுப்பாவாடையோடு தூங்கிப்போயிருப்பாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெரியவளாகிவிட்டாள், புரிந்துகொண்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் அவள் நர்ஸிங் முடித்தாள், ஜெர்மன் மொழிப் பரீட்சை பாஸ் ஆனாள், வேலையும் கிடைத்தது. ஓணம் கழிந்து இருபதாம் நாள் விமானம். அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இந்தத் திருவோணத்துக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஓணத்துக்கு அவள் எங்கே இருப்பாளோ, அங்கே வாழையிலை இருக்குமோ என்னவோ.

இரண்டு மாதம் முன்பே லேப் இன்சார்ஜிடம் போய்க் கேட்டேன். எங்கள் இன்சார்ஜ் என்னைவிட ஏழெட்டு வயது இளைய பெண்மணி, நல்லவள். காரணத்தைக் கேட்டுவிட்டு, சரி, இக்கொல்லம் சேச்சி எடுத்தோ, இந்த வருடம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உடனே சொன்னாள். எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லி மாற்றிய வருடங்கள் போதும், இந்தத் தடவை கையில் கிடைத்த பிறகு சொல்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி நடந்தது என் முட்டாள்தனம். லேபில் டியூட்டி சார்ட்டைக் கையால் எழுதுவது நான். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் அந்த வேலையும் பல வருடமாக என் தலையில். ஓணமாதத்து சார்ட் எழுத, போன வருடத்துச் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்து கூட்டம். நடுவில் இரண்டு முறை எழுந்து போய் ரத்தம் எடுத்தேன். எழுதி முடித்தேன், இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டாள், ஒருத்தர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டார். சாயங்காலம் பஸ்ஸில் பாதி இடுப்போடு உட்கார்ந்து போனைத் திறந்து பார்க்கிறேன், திருவோணத்துக்கு நேராக என் பெயர். என் கையெழுத்தில், குண்டு குண்டாக. பதினாறு வருடம் எழுதிய கை, தானாக எழுதிவிட்டது.

மறுநாள் போய்ச் சொன்னேன். அதற்குள் எல்லோரும் அவரவர் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். எங்கள் நால்வரில், அதாவது என்னைத் தவிர்த்த நால்வரில், ஒருவன் புதுமாப்பிள்ளை. சில மாதங்களுக்கு முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் ஓணத்துக்கு மனைவி வீட்டுக்குப் போக வேண்டும், அது இங்கே தட்டக்கூடாத முறை. கொட்டாரக்கரையில் அவனுக்காக வேட்டி வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். மற்ற மூவரில் ஒருத்தி கண்ணூருக்கு ரயில் ஏறப்போகிறாள், ஒருவனின் அப்பா ஆஸ்பத்திரியில், மூன்றாமவள் விடுப்பு எழுதிக் கொடுத்து இன்சார்ஜிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். என்னைவிட விவரமானவள்.

இன்சார்ஜ் சார்ட்டைக் காட்டினாள். "சேச்சி தன்னெயல்லே எழுதியது?" என்றாள். நீங்களே எழுதியதுதானே.

"கை எழுதிச்சு மேடம். நான் எழுதல."

அவள் சிரித்தாள். பிறகு தோளில் கை வைத்து அந்த வார்த்தையைச் சொன்னாள். இந்த ஒரு தடவையும் அட்ஜஸ்ட் செய்யணே, சேச்சி. கோபத்தில் எனக்குக் காது சூடாகியது. மைக்ராஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்து, அந்தப் பெரிய திருகைப் பிடித்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாகத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, திருவோணத்தன்று நான் வரமாட்டேன், சார்ட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுகிற வேலையையும் இனிமேல் வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொன்னேன். மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தேன். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

மூன்று நாள் லேபில் யாரும் என்னோடு சேர்ந்து டீ குடிக்கவில்லை. நான்காம் நாள் சார்ட்டில் என் பெயரை அடித்து மேலே புதுமாப்பிள்ளையின் பெயரை எழுதியிருந்தார்கள். அவன் மூன்று மணிக்குப் பிறகு கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொட்டாரக்கரை போய்ச் சேருவான் என்று ஏற்பாடு. நான் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனவன் அவன். மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஓ, சாரமில்ல சேச்சி, அட்ஜஸ்ட் செய்யாம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். பரவாயில்லை, அட்ஜஸ்ட் செய்துகொள்கிறேன் என்கிறான். அவன் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரலாக இருந்தது. பதினாறு வருடம் நான் பேசிய குரல். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

உத்ராடத்தன்று, அதாவது திருவோணத்துக்கு முதல் நாள், டியூட்டி முடித்து நேராகச் சாலைக் கடைவீதிக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. அன்று கடைசி நேரத்துச் சாமான் வாங்குகிற ஓட்டத்துக்கு இங்கே தனிப் பெயரே உண்டு. இடிபட்டு மிதிபட்டு சேனை, மத்தன் பூசணி, பயறு, நேந்திரங்காய், பாயசத்துக்கு அடை, ஒரு கட்டு நுனியிலை எல்லாம் வாங்கினேன். இரண்டு பை. மாடிப்படி ஏறும்போது கைவிரல்கள் இற்றுப்போயின. ஆனாலும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஏறினேன் என்று நினைக்கிறேன்.

மகள் கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பைகளை அவள் முன்னால் வைத்து, நாளைக்கு நான் லீவு என்றேன்.

அவள் பைகளைப் பார்த்தாள். இலைக்கட்டைப் பார்த்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு கூட்டுக்காரி, உயிர்த்தோழி, மணக்காட்டில் வீடு. திருவோணத்துக்கு அங்கே போய்ச் சாப்பிடுவது அவளுக்கு வழக்கம். எனக்கும் தெரிந்ததுதான். நான் இல்லாததால் போகிறாள், இருந்தால் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"அம்மா, நான் ஒரு மாசம் முன்னாடியே அவ வீட்டுக்கு வரேன்னு சொல்லியாச்சு," என்றாள். "அவளும் கானடா போறா. இதுதான் லாஸ்ட். அவ அம்மை எனக்குன்னு ஓணத்துக்குக் கட்ட செட்டுசாரி எல்லாம் வாங்கி வச்சிருக்கு. நீ முதல்லயே சொல்லியிருந்தா..."

சொல்லவில்லை. அது என் தப்பு. ஆனால் ஆத்திரம் நியாயம் பார்த்தா வருகிறது? சேனையை எடுத்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் எறிந்தேன். அதில் சேனை வைப்பது கிடையாது, அதுவும் தெரியும். சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் கணவருக்கும் திருவோணத்துக்கு முதலாளி வீட்டில் சாப்பாடு. பல வருடமாகப் போகிறவர். அவர் கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் எனக்கு இடம் விடாமல், சண்டை போடாமல், ஒரு குறையும் சொல்லாமல் தங்கள் திருவோணத்தைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். யாரைத் திட்டுவது?

என் மகள் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள். நல்ல பிள்ளை, மனசார யோசித்துத்தான் சொன்னாள்.

"நீயும் வாம்மா. ஒரு இலை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றேன்."

எத்தனையோ பேர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். என்னை அது இப்படி அடித்ததில்லை. எனக்கு ஒரு இலை, மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கிடைக்கும். நான் போகப்போவதில்லை என்று சொன்னேன். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

"ஏட்டி, போயிட்டு வா," என்றார் கணவர் காலையில். "பிள்ளை இன்னும் இருபது நாள்ல பறந்துரும். வீம்பை வச்சு என்ன செய்யப்போற?" முன்கோபக்காரர் என்று சித்தி சொன்ன மனிதர் இவர்தான். எனக்கு எப்போது கோபம் வந்தாலும் இவர்தான் தணிந்து பேசுகிறார். கசவுச் சேலை ஒன்று இருந்தது, கட்டிக்கொண்டு போனேன்.

மணக்காட்டு வீட்டுக்காரர்கள் என்னை வாசலுக்கு வந்து அழைத்தார்கள். கூட்டுக்காரியின் அம்மா பள்ளிக்கூட டீச்சர், பூப்போல பேசினாள். கூடத்தில் பாய் விரித்து ஒரே வரிசையாக எட்டு இலைகள் போட்டிருந்தார்கள். கவனித்துப் பார்த்தால் ஏழு இலைகள் ஒரே இடைவெளியில் இருந்தன, எட்டாவது சுவரோரம், சுவிட்ச்போர்டுக்குக் கீழே, நெருக்கிப் போட்டிருந்தது. மின்விசிறிக் காற்று அங்கே வராது. அம்மை இவிடெ இரிக்கூ என்று அதைக் காட்டினார்கள்.

என் மகள் வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். யாரும் காட்டவில்லை, இடம் தெரிந்து உட்கார்ந்தாள். இடது பக்கம் கூட்டுக்காரி. வலது பக்கம் அந்த டீச்சர். வருடா வருடம் அந்த இடம்தானாம். நேந்திரங்காய் உப்பேரியும் இஞ்சிக்கறியும் அவியலும் இலையில் வைத்துக்கொண்டு போனார்கள். என் மகள் அந்த டீச்சரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், அவள் "எந்தா மோளே" என்று இவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மோள் என்றால் மகள். எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் வரிசையின் கடைசியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை டீச்சர் கவனித்துவிட்டாள். மரியாதைக்காகக் கேட்டாள். "மாறி இரிக்கணோ?"

இப்படிக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். வேண்டாம், இங்கேயே சௌகரியம்.

"ஆமா, மாறணும்," என்றேன்.

சோறு கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். என் மகள் காதுவரை சிவந்துபோய், "அம்மா," என்று மெதுவாகச் சொன்னாள். டீச்சர் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, சுவரோரத்துக்கு வந்தாள். நான் எழுந்து போய் அவள் இலையின் முன்னால், என் மகளின் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். அசிங்கமாக இருந்தது. இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும் வந்தது, சாம்பார் வந்தது. மகள் தன் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கூட்டுக்காரி எதையோ சொல்ல, அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி போளி போட்டு, அதன்மேல் பால்பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருடமாகிறது. மாத்திரைக்கு என் போனில் அலாரம் வைத்துத் தந்ததே என் மகள்தான். பரிமாறுகிறவரிடம் வேண்டாம் என்று இலைக்குமேல் கையை நீட்டினேன். அவர் தாண்டிப் போனார்.

என் மகள் கூட்டுக்காரியோடு பேசிக்கொண்டே, இந்தப் பக்கம் திரும்பாமலே, தன் போளியைப் பாதியாகப் பிய்த்து வலது பக்கத்து இலையில் வைத்தாள். டீச்சருக்குப் போளி ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. வருடா வருடம் வைத்த கை.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அதைத் தின்றுவிட்டேன்.